ஹெட்டை அரைத்து கம்ப்ரஷன் ஏற்றினால் உண்மையில் எவ்வளவு பவர் வரும்?

பழைய கார்புரேட்டர் ஸ்பிளெண்டர் வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "டர்போ, சூப்பர்சார்ஜர் எல்லாம் நம்ம பைக்குக்கு ஆகாது. சிலிண்டரின் மேல் மூடியான ஹெட்டை லேத்தில் கொடுத்து ஒரு மில்லிமீட்டர் அரைத்தால் கம்ப்ரஷன் ஏறி பைக் பறக்கும் என்கிறார் எங்கள் ஊர் மெக்கானிக். நண்பன் ஒருவன் செய்திருக்கிறான், நிஜமாகவே பறக்கிறது. நானும் செய்யலாமா, எஞ்சின் தாங்குமா?" இதில் கேள்வி ஒன்று போலத் தெரிந்தாலும் மூன்று இருக்கிறது. அரைத்தால் பவர் கூடுமா, நண்பனின் பைக் பறப்பதற்கு அந்த அரைத்தல்தான் காரணமா, எஞ்சின் எவ்வளவு நாள் தாங்கும். முதலாவதற்குப் பதில் கணக்கிலேயே இருக்கிறது: கூடும், நூற்றுக்கு நாலோ ஐந்தோ. உங்கள் எஞ்சினின் ஏழரை குதிரைத் திறனில் அது கால் குதிரைக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். இரண்டாவதற்கு என் பதில், பெரும்பாலும் இல்லை. மூன்றாவதுதான் நீளமான கதை.

நான் நாமக்கல் பக்கம் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன், இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. டிப்ளமோ படித்தவன், ஆனால் கற்றதில் பாதிக்கு மேல் பிரித்த எஞ்சின்களிலிருந்துதான். என்னிடம் டைனோ (பவரை அளக்கும் கருவி) கிடையாது. அதனால் "இந்த வேலைக்கு இத்தனை குதிரை கூடியது" என்று நான் எங்கேயும் சொன்னால் அது கணக்கே தவிர அளந்தது இல்லை. அளந்ததென்றால் ஸ்டாப் வாட்சும், ஒரே மேட்டில் ஒரே கியரில் ஓட்டிப் பார்த்ததும், பிரித்த பிஸ்டன்களின் முகமும்தான்.

முதலில் ஒரு குழப்பத்தை எடுத்துவிடலாம். பட்டறையில் "கம்ப்ரஷன் போச்சு" என்று சொல்வோமே, அது வேறு. ரிங் தேய்ந்து, வால்வ் சரியாக உட்காராமல், அழுத்தம் கசிந்து போவதைச் சொல்வது அது. கேஜ் வைத்துக் கிக்கரை உதைத்தால் தெரிவது அந்த அழுத்தம். நீங்கள் ஏற்ற நினைப்பது கம்ப்ரஷன் ரேஷியோ. பிஸ்டன் கீழே இருக்கும்போது மேலே உள்ள மொத்த இடத்தையும், மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடத்தையும் வைத்துப் பார்க்கும் விகிதம். இது வெறும் வடிவக் கணக்கு, ரிங் தேய்ந்தாலும் மாறாது. அழுத்தம் கசிகிற எஞ்சினில் ரேஷியோவை ஏற்றுவது ஓட்டைக் குடத்தைப் பெரிய கிணற்றுக்குக் கொண்டுபோன மாதிரி.

உங்கள் எஞ்சினையே எடுத்துக்கொள்வோம். போர் (சிலிண்டரின் விட்டம்) 50 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 49.5 மி.மீ., ஆக 97.2 சிசி. ரேஷியோ 9-க்கு 1 என்று வைத்தால், பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது மிஞ்சும் இடம் 97.2-ஐ 8-ஆல் வகுத்தது, 12.15 சிசி. இரண்டரை டீஸ்பூன்கூட இல்லை, ஒரு குழந்தைக்கு ஊற்றும் மருந்தளவு. அந்த இடத்தில்தான் நாம் விளையாடப் போகிறோம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 50 மி.மீ. வட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் உயரம் குறைந்தால் போவது 1.96 சிசி. மிச்சம் 10.19. ரேஷியோ 10.5-ஐத் தொட்டுவிடும். அரை மில்லிமீட்டர் என்றால் 9.7. ஆனால் இந்தக் கணக்கு சிலிண்டர் பிளாக்கை அரைத்தால்தான் அப்படியே பொருந்தும். ஹெட்டை அரைக்கும்போது போவது அறையின் வாய் அகலம் எவ்வளவோ அந்த அளவுக்குத்தான், அது போரை விடச் சின்னதாக இருந்தால் பலனும் குறையும். அதனால் நான் அரைப்பதற்கு முன்னும் பின்னும் ஹெட்டைக் கவிழ்த்துப் பிளக் மாட்டி, நடுவில் ஓட்டை போட்ட ஒரு கண்ணாடித் துண்டை கிரீஸ் தடவி மேலே ஒட்டி, ப்யூரெட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி அளப்பேன். பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் "10.5 ஆக்கிட்டேன்" என்று யார் சொன்னாலும் அது வாய்க்கணக்கு.

இன்னொன்று. பழைய எஞ்சினில் பிஸ்டன் தலையிலும் ஹெட்டிலும் கரி படிந்திருக்கும். அரை சிசி கரி இருந்தாலே ரேஷியோ 9.3 ஆகிவிடுகிறது. கையை வைக்காமலேயே உங்கள் எஞ்சினில் கொஞ்சம் ஏறியிருக்கலாம், அதுவும் கெட்ட விதத்தில்.

சரி, ரேஷியோ ஏறினால் ஏன் பவர் கூடுகிறது? நிறைய பேர் நினைப்பது, இறுக்கி அமுக்கினால் பெரிதாக வெடிக்கும் என்று. அதில் பாதி உண்மை. மீதிப் பாதி, வெடித்த பிறகு நடப்பது. சின்ன இடத்தில் எரிந்த வாயு அதே ஸ்ட்ரோக்கில் கூடுதல் மடங்கு விரிகிறது, விரிய விரிய பிஸ்டனைத் தள்ளிக்கொண்டே வருகிறது, அதனால் சைலன்சர் வழியாக வீணாகப் போகும் சூடு குறைகிறது. அதே பெட்ரோல், அதே காற்று, கிடைக்கும் வேலை மட்டும் கூடுதல். அதனால்தான் இதில் மைலேஜும் கொஞ்சம் ஏறும். ஆனால் இந்த லாபம் போகப் போகச் சுருங்கும். 6-லிருந்து 8-க்குப் போனால் கிடைப்பது பெரிசு, 12-லிருந்து 14-க்குப் போனால் சில்லறை. பெட்ரோல் எஞ்சினுக்கான ஆட்டோ (Otto) சுழற்சியின் சூத்திரத்தில் 9-ஐயும் 10.5-ஐயும் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் நாலு சதவீதத்துக்கும் ஐந்து சதவீதத்துக்கும் நடுவில் நிற்கும். நிஜ எஞ்சினில் சூடு சுவர் வழியாக வெளியேறுவதும் சேர்ந்துகொள்வதால் இதை விடக் குறையுமே தவிரக் கூடாது.

அப்படியென்றால் நண்பனின் பைக் எப்படிப் பறக்கிறது? அவர் பட்டறைக்குப் போனபோது என்னென்ன நடந்தது என்று கேட்டுப் பாருங்கள். ஹெட்டைக் கழற்றியிருப்பார்கள், கரியைச் சுரண்டியிருப்பார்கள், வால்வை லேப்பிங் போட்டு உட்கார வைத்திருப்பார்கள், திறந்ததுதான் திறந்தோம் என்று ரிங் புதுசு, கேஸ்கெட் புதுசு, டேப்பெட் சரி செய்து, கார்புரேட்டரையும் கழுவி, புது பிளக் போட்டிருப்பார்கள். எழுபதாயிரம் கிலோமீட்டர் ஓடின எஞ்சின் இந்த வேலைகளால் மட்டுமே ஒரு குதிரையைத் திரும்பப் பெறும், ஏனென்றால் அது தொலைத்திருந்த குதிரை அது. பெயர் வாங்குவது மட்டும் லேத். நானே பல வருஷம் இப்படித்தான் ஏமாந்தேன். பிறகு ஒருமுறை ஒரே மாடல் இரண்டு பைக் ஒரே வாரத்தில் வந்தபோது ஒன்றை அரைத்தும் இன்னொன்றை அரைக்காமலும் மற்ற வேலையெல்லாம் ஒன்றாகச் செய்து, ஒரே மேட்டில் நானே மாற்றி மாற்றி ஓட்டினேன். அரைத்த வண்டி கீழ் கியரில் சற்றுச் சுறுசுறுப்பாக இருந்தது. கண்ணைக் கட்டிவிட்டு எது எது என்று கேட்டிருந்தால் பந்தயம் கட்டியிருக்க மாட்டேன். இரண்டே வண்டியை வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாதுதான், ஆனால் அது கணக்கோடு ஒத்துப்போனது.

இப்போது தாங்குமா என்பது. என் தப்பிலிருந்தே சொல்கிறேன். ரொம்ப வருஷத்துக்கு முன்னால் இதே 100 சிசி வகைப் பைக் ஒன்றை, பையன் கெஞ்சினான் என்று ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் அரைத்துக் கொடுத்தேன். ஊருக்குள் இரண்டு மாதம் அருமையாக ஓடியது. அப்புறம் சித்திரை வெயிலில், பின்னால் ஆள் வைத்துக்கொண்டு, காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறியிருக்கிறான். எழுபது கொண்டை ஊசி வளைவு. மூன்றாம் கியரில் முக்கி முக்கி, திராட்டிலை முழுசாகத் திருகி, வண்டி மெதுவாக ஏற, காற்றும் சரியாகப் படாமல் ஹெட் கொதித்திருக்கிறது. "அண்ணே, புளியங்கொட்டையைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்கின மாதிரி ஒரு சத்தம் வந்தது, அப்புறம் நின்னுடுச்சு" என்றான். செம்மேடு போய்ச் சேரவில்லை, மினி லாரியில்தான் இறக்கினார்கள். பிரித்துப் பார்த்தால் பிஸ்டனின் ஓரம், எக்ஸாஸ்ட் பக்கம், எலி கொறித்த தேங்காய்ச் சில்லு மாதிரி அரித்திருந்தது. மேல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவில் இருக்கும் வரப்பு உடைந்து, உடைந்த துண்டு சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு கோடு கிழித்திருந்தது. பிஸ்டன், ரிங், போர் எல்லாம் என் செலவு. நியாயம் அதுதான்.

அந்தச் சத்தம்தான் நாக்கிங். பிளக்கிலிருந்து கிளம்பிய தீ அறை முழுக்க ஒழுங்காகப் பரவி முடிப்பதற்குள், கடைசி மூலையில் மாட்டிக்கொண்ட கலவை அழுத்தமும் சூடும் தாங்காமல் தானாகவே ஒட்டுமொத்தமாகப் பற்றிக்கொள்கிறது. தீ பரவினால் பிஸ்டனைத் தள்ளும், ஒட்டுமொத்தமாகப் பற்றினால் சுத்தியலால் அடிக்கும். ரேஷியோவை ஏற்றும்போது அழுத்தம், சூடு இரண்டும் ஏறுவதால் அந்த மூலைக்கு அவகாசம் குறைகிறது. அதிக ஆர்பிஎம்மில் நேரமே இல்லாததால் தப்பித்துவிடும். குறைந்த ஆர்பிஎம், முழுத் திராட்டில், சூடான எஞ்சின், அதாவது மலையேற்றம், இதற்கென்றே செய்த இடம். உங்கள் பைக் காற்றில் குளிரும் எஞ்சின், நிற்கும்போதும் ஊர்ந்து ஏறும்போதும் அதைக் குளிர்விக்க யாரும் இல்லை. வேடிக்கை என்னவென்றால் அதே பைக்கை ஊட்டியிலேயே வைத்து ஓட்டினால் பிழைத்துவிடும். அங்கே 2,200 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் முக்கால் பங்கு அளவுதான், சிலிண்டருக்குள் புகுவதே குறைவு. மேட்டுப்பாளையம் இறங்கியதும் புளியங்கொட்டை குலுங்க ஆரம்பிக்கும்.

இந்த இடத்தில்தான் பெட்ரோல் வருகிறது. ஆக்டேன் என்பது சக்தி இல்லை, பொறுமை. அந்த மூலைக் கலவை எவ்வளவு தாங்கும் என்பதன் அளவு. பங்கில் சாதாரண பெட்ரோல் வெகுநாள் 91 ஆக இருந்தது, அதற்கு மேல் 95, இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி 100 என்று 2020-லிருந்து 100 ஆக்டேனும் இருக்கிறது. மாற்றம் செய்யாத எஞ்சினில் 100 ஊற்றினால் பர்ஸ் மட்டும் இளைக்கும். அரைத்த எஞ்சினில் ஆக்டேன் கூடிய பெட்ரோல் ஊற்றினால் பாதுகாப்பு கூடும், ஆனால் அந்தக் கால் குதிரைக்காக ஆயுள் முழுக்க ஒவ்வொரு லிட்டருக்கும் கூடுதல் விலை கொடுக்கத் தயாரா என்று யோசியுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலைப் பற்றிக் கேட்பீர்கள். எத்தனாலின் ஆக்டேன் 108 பக்கம், ஆவியாகும்போது நல்ல குளிர்ச்சியும் தரும், அந்த வகையில் அது கம்ப்ரஷனுக்கு நண்பன்தான். ஆனால் அதற்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் வெறும் பெட்ரோலுக்குக் காற்று 14.7 பங்கு என்றால் இருபது சதவீதக் கலவைக்கு 13.5 அளவில் போதும். கார்புரேட்டருக்கு இது தெரியாது, பழைய ஜெட் (பெட்ரோல் வரும் சின்னத் துளை) வழியாகப் பழைய அளவைத்தான் விடும், கலவை லீன் ஆகும், அதாவது காற்றுக்கு எரிபொருள் போதாது, லீன் ஆனால் சூடு. ஆக எத்தனாலின் ஆக்டேனை நம்பி அரைப்பவர் மெயின் ஜெட்டையும் ஒரு அளவு ஏற்றியே ஆக வேண்டும். ஒரு கையால் கொடுத்ததை இன்னொரு கையால் பிடுங்கிக்கொள்கிற எரிபொருள் அது.

"கம்பெனிக்காரன் மட்டும் 11, 12 வைத்து விற்கிறானே" என்று அடுத்து கேட்பார்கள். வைக்கிறான், ஆனால் ஹெட்டை அரைத்து இல்லை. 1981-ல் ஜாகுவார் தன் வி12 எஞ்சினில் 12.5 வைத்தது. சுவிஸ் எஞ்சினியர் மைக்கேல் மே வடிவமைத்த அறையில், கலவையைச் சுழற்றி பிளக் பக்கம் ஒரு சின்னக் குழிக்குள் ஒதுக்கிச் சீக்கிரம் எரித்துவிடுவதுதான் தந்திரம். அவர்கள் தேடியது பவர்கூட இல்லை, எரிபொருள் சிக்கனம். 2011-ல் மாஸ்டா ஸ்கைஆக்டிவ் எஞ்சினில் 14 வரை போனார்கள். பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் தெளித்துக் குளிர்வித்தார்கள், எரிந்த சூடான புகை திரும்ப உள்ளே வராமலிருக்க எக்ஸாஸ்ட் குழாயை நீட்டி வளைத்தார்கள், பிஸ்டன் நடுவில் குழி வைத்தார்கள். நம் ஊருக்கு வாருங்கள். யமஹா ஆர்15 முதலில் 2008-ல் வந்தபோது 10.4, 17 குதிரை. 2018-ல் வந்த மூன்றாவது வடிவம் 11.6, 19.3 குதிரை. பதிமூன்று சதவீதம் ஏறியிருக்கிறது, ஆனால் அதில் கம்ப்ரஷனின் பங்கு என் கணக்கில் மூன்று சதவீதம்தான். மீதி எல்லாம் 5 சிசி கூட்டியதும், வேகம் கூடினதும் இன்னொரு கேமுக்கு (வால்வைத் தள்ளித் திறக்கும் மேடு) மாறிக்கொள்ளும் ஏற்பாடும், 8,500-லிருந்து 10,000 ஆர்பிஎம்முக்கு உச்சத்தைத் தள்ளியதும். அதற்கும் தண்ணீர் குளிர்ச்சி, நாலு வால்வ், ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் எல்லாம் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. உங்கள் பைக்கில் இதில் ஒன்றும் கிடையாது.

அப்படியானால் ரேஸ்காரர்கள் ஏன் முதல் வேலையாகக் கம்ப்ரஷனை ஏற்றுகிறார்கள்? அவர்கள் கேமை மாற்றுகிறார்கள், அதற்காக. அகலமான கேம் போட்டால் இன்டேக் வால்வ் ரொம்ப நேரம் கழித்துதான் மூடும். பிஸ்டன் மேலே ஏற ஆரம்பித்த பிறகும் வால்வ் திறந்திருப்பதால் குறைந்த ஆர்பிஎம்மில் உள்ளே வந்த காற்றில் கொஞ்சம் வந்த வழியே திரும்பிப் போய்விடும். காகிதத்தில் 10.5 என்று இருந்தாலும் நிஜமாக அமுக்குவது வால்வ் மூடிய பிறகு மிஞ்சிய தூரத்தை மட்டுமே. அந்தக் குறையை நிரப்பத்தான் ரேஷியோவை ஏற்றுவது. கேம் மாற்றாமல் ரேஷியோவை மட்டும் ஏற்றுவது, மருமகள் வராத வீட்டுக்குச் சீர் வாங்கி வைத்த மாதிரி. கோயம்புத்தூர், சென்னை ட்ராக்கில் ஓடும் பைக்குகளைக் காட்டி "அவங்க செய்றாங்களே" என்றால், அவர்கள் முழுத் திராட்டிலில் மூன்றாம் கியரில் கொண்டை ஊசி ஏறுவதில்லை, எஞ்சினை அடிக்கடி பிரித்துப் பார்க்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அரைத்தே தீருவேன் என்றால் கவனிக்க வேண்டியவை சில. ஹெட் கீழே இறங்கினால் கேமும் கிராங்குக்குப் பக்கத்தில் வருகிறது, டைமிங் செயினின் இழுக்கும் பக்கம் தளர்கிறது, டென்ஷனர் மறுபக்கத்தைத்தான் இழுத்துப் பிடிக்கும், ஆகவே கேம் பின்தங்கும். இந்தச் சின்ன ஸ்பிராக்கெட்டில் ஒரு மில்லிமீட்டருக்கு கிராங்க் கணக்கில் நாலு டிகிரி பக்கம் வரும். பின்தங்கினால் கீழ் கியர் இழுவை குறையும், அதாவது நீங்கள் காசு கொடுத்து வாங்கினதையே கொஞ்சம் திருப்பிக் கொடுப்பீர்கள். வால்வும் பிஸ்டனும் நெருங்கும். பிஸ்டன் தலையில் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை அப்பி, எண்ணெய் தடவி, ஹெட்டை முறுக்கி, கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, திரும்பக் கழற்றி, வால்வ் பதிந்த இடத்தை அறுத்து அளக்க வேண்டும். இன்டேக் பக்கம் ஒன்றரை, எக்ஸாஸ்ட் பக்கம் இரண்டு மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் நான் மூட மாட்டேன். பிளாக்கை அரைப்பதானால் பிஸ்டன் ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளியை ஈயக் கம்பி வைத்து நசுக்கி அளப்பேன், முக்கால் மில்லிமீட்டருக்குக் கீழே போக விடுவதில்லை. ரேசிங் சிடிஐ (பிளக்கில் தீப்பொறி வரும் நேரத்தைத் தீர்மானிக்கும் பெட்டி) என்று விற்பதை மட்டும் இதோடு சேர்க்காதீர்கள். கம்ப்ரஷன் ஏறினால் கலவை வேகமாக எரியும், டைமிங்கைப் பின்னால்தான் இழுக்க வேண்டும், அந்தப் பெட்டிகள் பெரும்பாலும் முன்னால் தள்ளுகின்றன. நாக்கிங் வரக் கொல்லிமலையே தேவையில்லை, பாலம் ஏறினாலே போதும். ஆர்எக்ஸ்100 போன்ற டூ ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்கள் இங்கே சொன்ன எண்களை எடுத்துக்கொள்ள வேண்டாம், அதில் எக்ஸாஸ்ட் போர்ட் மூடிய பிறகுதான் கணக்கே ஆரம்பம், சைலன்சரும் சேர்ந்து நிரப்பும், அது தனிக் கதை.

உங்கள் இடத்தில் நானாக இருந்தால் முதலில் ஹெட்டைக் கழற்றிக் கரி எடுத்து, வால்வ் லேப்பிங், ரிங், டேப்பெட், பிளக், கார்புரேட்டர் எல்லாம் முடித்து, லேத் பக்கமே போகாமல் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுவேன். பத்தில் எட்டு பேருக்கு ஆசை அதோடு அடங்கிவிடும். அடங்கவில்லையென்றால் அரை மில்லிமீட்டர், அதற்கு மேல் ஒரு நூலும் வேண்டாம், மெயின் ஜெட் ஒரு அளவு பெரிசு, மலைக்குப் போகும் அன்றைக்கு மட்டும் ஆக்டேன் கூடிய பெட்ரோல். லேத்துக்குக் கொடுக்கும்போது "கொஞ்சம் எடுங்கண்ணே" என்று வாயால் சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விடாதீர்கள். ஹெட்டின் மேலேயே மார்க்கர் பேனாவால் 0.5 என்று எழுதி, வட்டம் போட்டுக் கொடுங்கள். நிறைய லேத்காரருக்குக் கொஞ்சம் என்றால் ஒரு மில்லிமீட்டர்.